அக்கா காலில் தைத்த முள்

நேரில் ‘அக்கா’ என்பேன், ‘வாங்க, போங்க’ என்பேன். மனசுக்குள் அவள்தான். என் கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கு ஓரகத்தி, வீட்டுக்கு மூத்த மருமகள், இருப்பது கோயம்புத்தூரில். போதாக்குறைக்குக் காடு சுற்றுகிறவள்.

சுற்றுவது என்றால் ஜீப்பில் உட்கார்ந்து மான் பார்ப்பது இல்லை. நடை. அவளும் இன்னும் எட்டுப் பத்துப் பெண்களும் சேர்ந்து, முன்கூட்டியே அனுமதி வாங்கி, வனக்காவலர் முன்னால் போக இவர்கள் பின்னால் நடப்பார்கள். முதுமலை, ஆனைமலை, முக்குருத்தி என்று ஒவ்வொரு தேசியப் பூங்காவாக நடந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைக் கொட்டுவாள். ஒருமுறை யானை லத்தியைப் படம் எடுத்துப் போட்டாள். யானைகூட இல்லை, வெறும் லத்தி. அதற்குப் பன்னிரண்டு பேர் சிவப்பு இதயம் போட்டார்கள். அதில் ஒன்று துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் போட்டது. அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

நான் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாமியாரோடு இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு. அந்த ஒருநாளில் நானும் நடக்க ஆரம்பித்தேன். உடம்புக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உடம்பாவது மண்ணாவது, எல்லாம் வயிற்றெரிச்சல். சித்தன்னவாசல் மலையைச் சுற்றினேன், நார்த்தாமலையில் ஏறினேன். விராலிமலையில் ஒரு மயில் தோகை விரிக்கிறவரை வெயிலில் காத்துக் கிடந்து படம் எடுத்துப் போட்டேன். சின்ன மாமனார் உடனே பதில் எழுதினார். அதே மாதிரி நாலு மயில் முந்தின நாள் அவருடைய கடலைக் கொல்லைக்குள் புகுந்துவிட்டதாம், கல்லை விட்டெறிந்து விரட்டினாராம். எனக்கு ஒரு இதயம்கூட விழவில்லை.

அதற்கப்புறம் நான் எங்கள் கோயில்காட்டோடு நின்றுகொண்டேன். வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. நாலைந்து ஏக்கர் இருக்கும். நடுவில் எங்கள் குலசாமி அய்யனாரும் மண்குதிரைகளும். சுற்றிலும் வீரை மரமும் காசான் புதருமாக, சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். எல்லைக்கல்லைத் தாண்டினால் செருப்புப் போடக்கூடாது. காய்ந்த சுள்ளியைக்கூட வெளியே எடுத்துப் போகக்கூடாது. காட்டுக்குள் யார் காலிலாவது ரத்தம் வந்துவிட்டால் அவர்கள் அன்றைக்குச் சாமிக்குப் பொங்கல் வைக்கிற பானையைத் தொடக்கூடாது. இதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம்.

மூன்று வருஷமாக அந்தக் காட்டில் பனிக்காலத்தில் ஒரு விருந்தாளி வருகிறது. ஆறுமணிக்குருவி. காலையிலும் சாயங்காலமும் ஆறு மணி வாக்கில் ரெட்டை விசில் அடிக்கும். பச்சை முதுகு, இறக்கையில் பளிச்சென்று நீலம், வால் அடியில் குங்குமச் சிவப்பு. என்னுடைய போனில் அது ஒரு புள்ளியாகத்தான் விழும் என்பதால் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். போன மார்கழியில் ஒருநாள் கோபத்தில், அவள் ஏதோ ஒரு கழுகைப் போட்டபோது, எங்கள் காட்டில் ஆறுமணிக்குருவி இருக்கிறது என்று குழுவில் எழுதிவிட்டேன். அடுத்த நிமிஷமே அவள் போன் பண்ணினாள். நாலு வருஷமாக அதைத் தேடுகிறாளாம், எந்தக் காட்டிலும் கண்ணில் படவில்லையாம். படைப்புக்கு வரும்போது காட்டுகிறாயா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். காட்டுகிறேன் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

படைப்பு மாசியில் வரும். சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்பது. பதினைந்து வருஷமாகப் பானை விளக்குவது நான், வெளியிலிருந்து விறகு சுமப்பது நான், எல்லைக்கல்லிலிருந்து சாமிவரைக்கும் பாதை கூட்டுவது நான். காரில் வந்து இறங்கி, கொதிக்கிற பானையில் முதல் பிடி அரிசியைப் போடுவது மட்டும் மூத்த மருமகள். அப்போதுதான் எல்லாரும் குலவை போடுவார்கள். எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். அந்த ஒரு பிடி அரிசியை ஒரே ஒரு தடவை நான் போட வேண்டும். பதினைந்து வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த மாசியில் அவள் முந்தின நாளே வந்துவிட்டாள். மூத்தவள் வந்தால்தான் படைப்பே நிறைகிறது என்று மாமியார் என் காதுபடச் சொன்னார். காலையில் விடிந்தும் விடியாமல் இருவரும் காட்டுக்குக் கிளம்பினோம். எல்லைக்கல்லில் அவள் தன்னுடைய நடைபூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெள்ளை வெளேரென்ற பாதம், பித்தவெடிப்பு ஒன்று இல்லை. என்னுடையதைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

இடது பக்கம் நான் இரண்டு நாளாகக் கூட்டி வைத்த பாதை. வலது பக்கம் ஊருணிக் கரையோடு ஆடு போகிற தடம், முழுக்கக் காரை முள்ளுப் புதர். “இங்கிட்டு வாங்கக்கா” என்று வலது பக்கம் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியும். அப்போது கை தானாகப் போயிற்று.

இருபதடி போயிருப்போம். ஒரு சத்தமும் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் காரை முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அவள் காலை என் மடியில் வைத்து நோண்ட ஆரம்பித்தேன். அவள் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் விசில் கேட்டது. பத்தடி தூரத்தில், பெரிய வீரை மரத்தடியில், சருகைக் கிளறிக்கொண்டு குருவி நின்றது. நாங்கள் அசையாமல் இருந்ததால் அதற்குப் பயமில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முள்ளுக்காக அழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், எனக்கு ஒருநாளும் அழுகை வந்ததில்லை. அதற்கும் எரிந்தது.

முள் வந்துவிட்டது, கூடவே ரத்தமும் வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் வருகிறவளுக்கு ரத்த வழக்கம் தெரியாது. நான் பேசாமல் இருந்திருந்தால் வழக்கம்போல் அவளே அரிசி போட்டிருப்பாள். பானை கொதிக்கிற நேரத்தில் மாமியாரிடம் போய், அக்கா காலில் முள் ஏறி ரத்தம் வந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னேன். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டுதான் சொன்னேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்படியென்றால் நீயே போடு என்றார்.

போட்டேன். குலவை போட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகக் குலவை போட்டது யார் என்று திரும்பிப் பார்த்தால், ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அவள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது கூட்டிய பாதையில்தான் வர வேண்டியிருந்தது. அவள் என் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். எல்லைக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றாள். பாதையை ஒட்டியே, காலையில் குருவி நின்ற அந்த வீரை மரம் இருந்தது. தரையில் என் விளக்குமாற்றுத் தடம் கோடு கோடாகத் தெரிந்தது. மரத்தைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“எத்தனையோ காட்டுல நடந்துட்டேன். எனக்குன்னு ஒருத்தரும் பாதை கூட்டி வச்சதில்ல. இதுல என்னைய நடக்க விட்ருக்கலாமே.”

எல்லைக்கல்லில் குனிந்து பூட்ஸை எடுத்துக் கொடுத்தேன். காலில் போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு காருக்குப் போனாள்.

திங்கட்கிழமை குழுவில் படம் எதுவும் வரவில்லை. இரண்டு வரிதான் எழுதியிருந்தாள். ஆறுமணிக்குருவியைப் பார்த்துவிட்டேன், தங்கச்சி காட்டினாள். நான் நடந்ததிலேயே நல்ல காடு நம்ம காடுதான். கீழே இதயமாகக் குவிந்தது, முதல் தடவையாக எனக்கும் சேர்த்து. மாமியார் போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, மூத்தவளுக்கு எப்பேர்ப்பட்ட மனசு என்று பார் என்றார்.

பார்த்தேன். பற்றிக்கொண்டு வந்தது. முள்ளைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் எழுதவில்லை. எழுதித் தொலைத்திருக்கலாம்.