தொண்டை கட்டிய அன்று

சலவைக் கம்பெனியில் அவளை எல்லாரும் ‘மைக்கு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சும்மா வைத்த பெயரா? துவைக்கிற மெஷின்கள் போடுகிற இரைச்சலில், கோடியில் நிற்கும் இஸ்திரிக்காரிக்கு ஒரு சேதி போக வேண்டுமென்றால் இவள்தான் கத்த வேண்டும். ஈரப் போர்வைகளை இழுத்து இழுத்து இடுப்பு போயிற்று. குரல் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் சாதாரணமாகப் பேசினாலே, “என்னக்கா, சண்டையா?” என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்ப்பாள்.

உடம்புக்கு முடியாத நாளுக்கும் சம்பளம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம், அதற்குக் கருத்துக் கேட்கக் கூட்டமாம் என்றதும், அத்தனை பேரும் இவளைத்தான் கைகாட்டினார்கள். இஸ்திரிக்காரி காய்ச்சலோடு வேலை பார்த்து, தலைசுற்றி, சூடான பெட்டிமேல் விழுந்து கையை வேக வைத்துக்கொண்டவள்.

“எனக்கு நாலு பேர் முன்னால வாயே வராதுக்கா. எனக்கும் சேர்த்து நீ கேளு.”

“கேக்குறேன் பாரு, கூரை பிச்சுக்கிட்டுப் போகும்!”

என்ன வாய் முகூர்த்தமோ! கூட்டத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தது. லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்று நாள் முழுக்க ஆவியில் நின்றாள். விடிந்தபோது பாழாய்ப்போன தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது.

கூட்டத்தில் முதலாளி முதலில் பேசினார். மோசமான மனிதர் இல்லை. “முடியாதவங்கள நான் ஒருநாளும் வேலை வாங்கினதில்ல. சட்டம் எதுக்கு?” என்றார்.

அடுத்து இவள் எழுந்தாள். வாயைத் திறந்தால் வெறும் காற்று. இஸ்திரிக்காரி வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு இவளையே பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

முதலாளிக்கே மனசு கேட்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “ஏம்மா, இந்த உடம்போடவா நேத்து வேலைக்கு வந்த? வீட்டுல படுத்திருக்கலாமே!”

தண்ணீரை விழுங்கி மைக்கில் உதட்டை ஒட்டினாள். கரகரவென்று வந்தது: “படுத்தா… சம்பளத்தப் பிடிப்பீங்களே சார்.”

தலைமை வகித்த அம்மாள் கேட்டார்: “பிடிப்பீங்களா?”

முதலாளி அவள் கையிலிருந்த தம்ளரையே பார்த்தார். பொய் சொல்ல வரவில்லை. “பிடிப்போம்மா. எல்லாரும் பிடிக்கிறாங்க.”

அன்று இஸ்திரிக்காரி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். சட்டம் வரும், ஆனால் நாளாகும் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. “இன்னைக்காவது படுடி,” என்று புருஷன் கெஞ்சினான். மைக்கு முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.