பிள்ளை பெற்றவள் அறைக்கு ஓர் அடுப்பு

ரங்கூனில் வீட்டைச் சூடேற்ற அடுப்பு வாங்கினேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் வேர்த்து ஊற்றுகிற ஊர் இது. சிரிக்கட்டும். வீட்டில் இரண்டு அம்மாமார் இருந்து, நடுவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி படுத்திருந்தால் அவர்களும் வாங்கியிருப்பார்கள்.

என் மகள் மார்கழியில் பிள்ளை பெற்றாள். ஆபரேஷன் செய்து எடுத்த பிள்ளை. தாய்க்கும் உடம்பில் ரத்தம் போதாது, பிள்ளைக்கும் எடை போதாது. மாப்பிள்ளை பர்மியப் பையன், கப்பலில் வேலை, இந்நேரம் எந்தக் கடலிலோ. அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பபேடானில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஐந்தாம் மாடி, லிப்ட் கிடையாது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி ஏற்றினோம்.

மறுநாளே மாப்பிள்ளையின் தாயார் கியாக்தானிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். ஒரு கையில் மஞ்சள், இன்னொரு கையில் ஒரு மூட்டை மரக்கரி. பிள்ளை பெற்றவளைத் தீ மூட்டிய அறையில் வைத்து உடம்பைக் காயவைப்பது பர்மியர் வழக்கம். மீ நே என்பார்கள். அந்தக் கரி மூட்டையைப் பார்த்ததுமே என் மனைவியின் முகம் மாறியது.

"ஏங்க, இது என்ன கருவாடா காயவைக்கிறதுக்கு? பச்சை ஒடம்புக்காரிக்கு வெந்நி ஊத்தணும், சாம்பிராணி போடணும். அதுக்கு மொதல்ல ஒரு அடுப்பு பாருங்க."

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. காஸ் சிலிண்டர் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்க்கிறார். ஆக, விறகடுப்பு. சம்பந்தியம்மாவுக்கு அறைக்குள் நெருப்பு வேண்டும், என் மனைவிக்கு அண்டா நிறைய வெந்நீர் வேண்டும். இரண்டுக்கும் தோதாக ஒன்றைத் தேடி நான் அலைந்தேன். எங்கள் தெரு முனையில் மண் அடுப்பு இருந்தது, கரி மட்டும்தான் போடலாம், அண்டா தாங்காது. உமி அடுப்பு ஒன்று பார்த்தேன், நன்றாக எரிந்தது. ஆனால் உமி மூட்டையை ஐந்து மாடி யார் சுமப்பது? கடைசியில் லைங் தாயாவில் ஒரு வெல்டிங் பட்டறையில், புகைக்குழாய் வைத்த இரும்படுப்பு கிடைத்தது. தையல் பாக்டரிக்காரர்கள் கழித்துப் போடும் துணியைக்கூட அதில் எரிக்கலாம் என்றார் பட்டறைக்காரர். அடேயப்பா, எல்லாம் தெரிந்த மனிதனைப் போல அதைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். எனக்கு அடுப்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தகரம் அடித்து, தகரத்தில் ஓட்டை போட்டு, குழாயைப் பின் சந்துப் பக்கம் நீட்டினேன். கம்பி வைத்துக் கட்டினேன். முதல் நாள் வெந்நீர் கொதித்தது. என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்ததுகூட அன்றுதான். சிரிப்பு அடங்குவதற்குள் மேல்வீட்டம்மா கரி படிந்த வெள்ளைச் சட்டையோடு இறங்கி வந்து கத்திவிட்டுப் போனார். குழாயைப் பக்கவாட்டில் திருப்பினேன். காற்று திரும்பியதும் புகை முழுக்க எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. மகள் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் வயிற்றுத் தையலைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சம்பந்தியம்மா என்னை அண்ணன் முறை வைத்துப் பர்மியத்தில் நிதானமாகச் சொன்னார். "அகோ, புகைதானே கெடுதல்? விறகு எரிந்து அடங்கட்டும். கணகணவென்றிருக்கும் தணலை மட்டும் சட்டியில் எடுத்துக் கட்டிலடியில் வைப்போம். புகையே வராது."

இவ்வளவு நாள் உப்பு முதல் தாலாட்டு வரை அவரோடு சண்டை போட்ட என் மனைவி, "அதுவும் சரிதான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விறகு எரிய என் மனைவியின் வெந்நீரும் ஆயிற்று, தணலில் சம்பந்தியம்மாவின் நெருப்பும் ஆயிற்று. அதோடு இருவருக்கும் ஒத்துப்போன இன்னொரு விஷயமும் இருந்தது. பிள்ளை பெற்றவள் மேல் காற்று படக் கூடாது. இருவருமாகச் சேர்ந்து பழைய லுங்கிகளைக் கிழித்து ஜன்னல் இடுக்கிலெல்லாம் திணித்தார்கள். கதவடியில் கோணிச்சாக்கு.

"கொஞ்சம் திறந்து வைங்களேன், மூச்சு முட்டுது" என்றேன்.

"உங்களுக்கு முட்டினா நீங்க வெளிய போங்க. ஆம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்றாள் மனைவி. சம்பந்தியம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் இதற்கு மட்டும் பலமாகத் தலையாட்டினார். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

அன்று மத்தியானம் மகளின் குரல் கேட்டது. "அம்மா, தலை வலிக்குதும்மா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"காத்து பூந்திருச்சு" என்றாள் என் மனைவி. சம்பந்தியம்மாவும் பர்மியத்தில் அதையேதான் சொன்னார். இன்னொரு லுங்கியைக் கிழித்தார்கள். ஜன்னலின் மேல் இடுக்கையும் அடைத்தார்கள். வலி கூடக் கூட அடைப்பும் கூடியது. அப்புறம் மகள் தூங்கிவிட்டாள் என்று இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டு வெந்நீர் வைக்கப் போனார்கள்.

பிள்ளை பால் குடிக்கும் நேரம் தாண்டியும் அழுகைச் சத்தம் வரவில்லை. எடை குறைந்த பிள்ளை என்றாலும் பசி வந்தால் வீட்டை இரண்டாக்கிவிடும். எழுந்து போனேன். கதவைத் தள்ளினேன். கோணிச்சாக்கு தடுத்தது, உதைத்தேன். மகள் கட்டிலிலிருந்து பாதி இறங்கி, எழ முடியாமல் தரையில் கையூன்றிக் கிடந்தாள். கண் திறந்திருந்தது, என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. பிள்ளை துணி மாதிரித் துவண்டு கிடந்தது. ஐயோ, கடவுளே என்று நான் கத்தினது எனக்கே கேட்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு மகளைத் தோளோடு இழுத்து மாடிப்படிக்கு வந்தேன். அங்கே காற்று பட்டதும் அவள் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் கழித்துப் பிள்ளை முனகியது, அப்புறம் அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். தணலில் புகை இல்லாவிட்டாலும் விஷம் உண்டு, அதற்கு வாசனையும் கிடையாது, அடைத்த அறையில் ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர் பர்மியத்தில் விளக்கினார். இரண்டு அம்மாமாரும் கை கட்டிக்கொண்டு கேட்டார்கள். மறுநாள் வீடு திரும்பியதும் சமையலறையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது. பச்சை உடம்போடு அவளை மாடிப்படிக் காற்றில் இழுத்துப் போட்டதால்தான் வாந்தி வந்ததாம். எனக்கு வந்த கோபத்துக்கு அடுப்பைத் தூக்கிச் சந்தில் எறிந்திருப்பேன். கழற்றி வராந்தாவில் வைத்ததோடு சரி.

தணல் இல்லை. கரண்ட் இல்லை. அறை ஜன்னலில் இருந்த துணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு அதைத் திறந்து வைத்தேன். சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. இருந்த போர்வைகளையெல்லாம் மகள் மேல் போட்டேன், என் கம்பளிச் சட்டையைப் பிள்ளைக்குச் சுற்றினேன். அப்படியும் ரத்தமில்லாத உடம்பு நடுங்கியது.

"அப்பா, குளிருதுப்பா. ஜன்னலச் சாத்துங்க."

"நெருப்புதான் இல்லையே, சாத்தினால் என்ன" என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொன்னது. நியாயம்தான். ஆனால் கை போகவில்லை. சாத்துகிற சத்தம் கேட்டால் சமையலறையிலிருந்து யாராவது அந்த மூட்டைக் கரியைப் பற்றவைத்துச் சட்டியோடு வந்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

"அப்பா."

"வேண்டாம்மா" என்றேன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் ஜன்னல் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், அது தானாகக்கூடச் சாத்திக்கொள்ளக் கூடாது என்று.