மேல்வீட்டு மெக்சிக்கோக்காரியும் எங்கட மாமாவும்

எங்கட வீட்டில ஆரையும் நம்பக்கூடாது. சட்டம். அதால மேல்வீட்டுக்கு அந்தப் பொம்பிளை குடிவந்த உடனயே எங்களுக்கு வேலை தொடங்கிட்டுது.

டோர்ட்மண்டில நாங்கள் ரெண்டாம் மாடி, அவ மூண்டாம் மாடி. எனக்கு அப்ப பத்து வயசு. மெக்சிக்கோக்காரி, தனி ஆள், கதை எழுதுறவ, தன்ர ஊரில பேப்பருக்கும் எழுதினவ எண்டு வீட்டுக்காரன் அப்பாவுக்குச் சொன்னவன். ஆனா வந்து எத்தினையோ கிழமையாகியும் கீழ பெல்லில பேர் போடேல்லை. ஜெர்மனியில பெல்லில பேர் இல்லாம இருக்கிறது உடுப்பில்லாம றோட்டில போற மாதிரி. அம்மா முடிவெடுத்திட்டா.

"இது சிஐடி."

சிரிக்காதேங்கோ, காரணம் இருந்தது. அம்மாவின்ர தம்பி, என்ர மாமா, எங்களோட ஒளிச்சிருந்தவர். அவற்ற அகதிக் கேஸைத் தள்ளுபடி செய்திட்டாங்கள். பிடிபட்டா அடுத்த பிளேனில கொழும்பு. அதால ஆர் கேட்டாலும் வீட்டில அம்மா, அப்பா, நான் மட்டும்தான் எண்டு சொல்லோணும். வாய்ப்பாட்டை விட அது எனக்கு நல்ல மனப்பாடம்.

மாமாவுக்கு றோட்டில போகப் பயம். வீட்டுக்குள்ள சிகரெட் பத்தினா அம்மா கொல்லுவா. அதால மனுசன் படியேறி, மூண்டாம் மாடி யன்னலடியில நிண்டு ஊதுவார். சரியா அவவின்ர கதவுக்கு எதிர. பத்தாததுக்கு அவவை வேவு பாக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டார்.

"அக்கா, அவ கதவு ஓட்டையால என்னையே பாக்கிறா" எண்டு வந்து ரிப்போட் வேற.

பிறகு அம்மா மீன் றோல்ஸ் பொரிச்சு என்னட்டத் தந்து மேல விட்டா. அன்பில இல்லை, உள்ள என்ன இருக்கு எண்டு பாத்துக்கொண்டு வர. நான் பாத்தன். பட்டப்பகலில திரைச்சீலை இழுத்து மூடியிருக்கு, சுவர் முழுக்க ஆக்களின்ர படம்.

"ஆக்களோ? என்ன ஆக்கள்?" அப்பா சாப்பாட்டுக் கையோட எழும்பிட்டார்.

"கன பேர். பெடியள், பெட்டையள், சிலருக்குக் கீழ பேரும் கிடக்கு."

"மாமாவின்ர படம்?"

"காணேல்லை."

"இன்னும் ஒட்டேல்லை" எண்டா அம்மா. "ஊரில ஆமியோட வந்து தலையாட்டிக் காட்டிக்குடுத்தவங்களும் இப்பிடித்தான், முதல் நல்லாப் பழகுவாங்கள்."

அடுத்த கிழமை அவ எங்கட கதவைத் தட்டினா. உடைஞ்ச ஜெர்மன்.

"படியில ஒரு ஆள் நிக்கிறார். மீசை, நீலச் சட்டை. உங்கட வீட்டு ஆளோ?"

மாமா அங்கால அறைக்குள்ள மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். அம்மா பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு, தமிழில, "இல்லையெண்டு சொல்லு பிள்ளை" எண்டா.

"இல்லை" எண்டன்.

"நிச்சயமா? சொந்தக்காரர்? அப்பாவின்ர கூட்டாளி?"

நான் கொஞ்சம் கெட்டித்தனம் காட்டினன். "நாங்கள் அந்த ஆளைக் கண்டதே இல்லை. எங்களுக்கும் பயமாத்தான் இருக்கு."

அவ என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு, சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு மேல போனா. அந்தக் கிழமைக்குள்ள மேல்வீடு காலி. மேசை, கட்டில் எல்லாம் அப்பிடியே கிடந்ததாம். பொலிஸ் வரும் எண்டு மாமாவைப் பக்கத்து ஊர் எசனில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில கொண்டுபோய் விட்டம். ஒருத்தரும் வரேல்லை. சிஐடியைத் துரத்திட்டம் எண்டு அப்பா எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவர்.

போன வருசம் நான் படிக்கிற யூனிவசிற்றியில ஒரு போஸ்டர். அதே முகம். இப்ப பெரிய நாவலாசிரியை, வாசிச்சுக் காட்ட வாறாவாம். உண்மையாவே எழுதுறவதானோ எண்டு பாக்கத்தான் போனன், சந்தேகம் ரத்தத்தில ஊறினது. அவவின்ர ஊரில ஆக்கள் காணாமப் போறது வழமையாம். ஆர் பிடிச்சுக்கொண்டு போறது எண்டு பேப்பரில எழுதினவ. சுவரில இருந்தது தாய்மார் குடுத்த படங்கள். எழுதினதுக்கு அவவின்ர வீட்டு வாசலில ஒருத்தன் சிகரெட்டோட வந்து நிக்கத் தொடங்கினவனாம். அக்கம்பக்கம் ஒருத்தருக்கும் அவனைத் தெரியாது. அவவோட வேலை செய்தவனுக்கும் அப்பிடித்தான் ஒரு ஆள் வந்து நிண்டது, பிறகு சுட்டுப்போட்டாங்கள். இவ இஞ்ச ஓடிவந்து, இஞ்சயிருந்தும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தவ.

ஏன் பத்திரிகை வேலையை விட்டிட்டு நாவலுக்குப் போனீங்கள் எண்டு ஆரோ கேட்டினம்.

"இஞ்சயும் ஒருத்தன் வந்தான்" எண்டா. "கீழ்வீட்டுப் பிள்ளை தானே சொன்னது, கண்டதே இல்லாத ஆள் எண்டு. அந்த நாளோட பேப்பருக்கு எழுதுறதை நிப்பாட்டிட்டன்."

மாமாவுக்கு இப்ப விசா, வீடு, பிள்ளையள் எல்லாம் இருக்கு. நான் பின்வரிசையில கைதூக்கவோ விடவோ எண்டு தெரியாம இருந்தன்.

கேள்வி கேக்கிறவை எல்லாம் பிடிச்சுக்குடுக்க வாறவை எண்டுதான் எனக்கு அப்ப தெரியும். "நிச்சயமா?" எண்டு அவ ரெண்டாந்தரம் கேக்கேக்க, ஓம், அது என்ர மாமாதான் எண்டு நான் சொல்லிப்போடோணும் எண்டு அவ உள்ளுக்குள்ள மன்றாடிக்கொண்டு நிண்டிருப்பா. அது விளங்கேல்லை.