பால்மா டின்னும் இருநூறு வெயிலும்

“...எண்ணிப் பாக்காம வாங்கிறாதீங்க மிஸ், எல்லாமே நூறு ரூபா நோட்டு!”

கேகாலை டவுனில், அடகுக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் மதினி சிங்களத்தில் சொன்னது இது. சொல்லிக்கொண்டே, பால் பவுடர் தீர்ந்த பழைய பால்மா டின்னைக் கவிழ்த்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி.

போன வருடம் காற்று எங்கள் லயத்து வரிசை வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. புதுத் தகரத்துக்காக மதினி தாலிக்கொடியை அடகு வைத்தார். வட்டியோடு அறுபதாயிரம், ஒரு வருடத் தவணை. தப்பினால் கொடி ஏலத்துக்குப் போய்விடும். அதுவரை கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கணக்கென்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். போனை எடுத்துப் பன்னிரண்டால் வகுத்தேன். “மாசம் அஞ்சாயிரம் டின்னுல போடுங்க மதினி, கொடி தானா வந்துரும்” என்றேன்.

முதல் மாதமே அடைமழை. மதினி பக்கத்துக் கிராமத்து றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அன்றன்றைக்குக் கூலி. மரம் நனைந்திருந்தால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் மாதக் கடைசியில் டின்னை என் முன் வைத்து, “பாருங்க கொழுந்தனாரே, அஞ்சாயிரம் சரியா இருக்கு!” என்றார்.

“எப்பிடி மதினி?”

“மூவாயிரம் நம்மது. ரெண்டாயிரம் வார வட்டிக்கு வாங்கினேன்.”

“கடன் வாங்கியா டின்னுல போட்டீங்க?”

“நீங்கதானே மாசம் அஞ்சாயிரம்னு சொன்னீங்க! மாசமா எனக்குப் பால் குடுக்குது? மரம்தானே குடுக்குது!”

மதினி சொல்வதையெல்லாம் கேலண்டர் ஓரத்தில் குறித்து வைப்பது என் பழக்கம். இதை மட்டும் குறிக்காமல் தலையைச் சொறிந்தேன். அன்றைக்கே ரெண்டாயிரத்தையும் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். பிறகு மதினியின் பழைய கேலண்டரை இறக்கினேன். வெட்டுக்குப் போன நாளுக்கெல்லாம் வட்டம் போடுவது அவர் வழக்கம். மழை மாதங்களில் வட்டம் அங்கொன்று இங்கொன்று. மரம் இலை உதிர்க்கும் மாதங்களிலும் குறைவு. எல்லாம் கூட்டினால் இருநூறுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அறுபதாயிரத்தை இருநூறால் வகுத்தேன்.

“வெட்டுக்குப் போற அன்னைக்கு முந்நூறு. மழைன்னா ஒண்ணும் வேணாம்.”

“முன்னாடியே இதச் சொல்றதுக்கு என்ன?” என்று மதினி முதல் மாதத்து மூவாயிரத்தைப் பத்து நாள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மழை மதினியைப் பயமுறுத்தவில்லை. டின் சும்மா இருந்தால், “அதுவும் லீவு எடுக்கட்டும்” என்பார். வெயில் வந்துவிட்டால் வீட்டுக்குள் நுழையும்போதே மூன்று நோட்டு உள்ளே விழும். தவணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இருநூறாவது வெட்டு முடிந்தது.

கவுண்டர்ப் பெண் இரண்டு தடவை எண்ணினாள். கொடியையும், அதன் மேல் மூன்று நூறு ரூபா நோட்டையும் நீட்டினாள். “இது கூடுதலா இருக்கு அம்மா.”

“நேத்தும் வெயில்தானே! கை அதுபாட்டுக்குப் போட்டுருச்சு” என்று என்னைப் பார்த்து இளித்தார் மதினி.

கொடியை அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார். மூன்று நோட்டையும் திரும்ப டின்னுக்குள் போட்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.