பேனருக்குப் பின்னால் இருந்த மாடம்

வேங்கிக்காலில் ஒரு விதைக் கம்பெனியில் வேலை செய்கிறேன். சென்ற வருடம் வியாபாரிகள் கூட்டத்துக்காக, கிரிவலப் பாதையில் இருக்கும் பழைய கல் சத்திரத்தை வாடகைக்கு எடுத்தேன். கல்தூண்கள் போட்டோவில் அழகாக வரும் என்பதுதான் காரணம். மேடைக்குப் பின்சுவர் முழுவதும் பேனர் கட்டச் செய்தேன்.

மாலை ஐந்து மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் இழுத்துக்கொண்டே போனது. இருட்டத் தொடங்கியபோது, ஒரு பெண் சின்னத் தூக்குப் பாத்திரத்தோடு வாசல் தூணோரம் வந்து நின்றார். அரை மணி நேரமாகியும் நகரவில்லை. மீந்த சாப்பாட்டுக்குத்தான் நிற்கிறார் என்று நானே முடிவுகட்டி, ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இந்தாங்க, வாங்கிட்டுக் கெளம்புங்க. உள்ள மீட்டிங் நடக்குது."

"சாப்பாடெல்லாம் வேணாங்க" என்றவர், தூக்கைத் திறந்து காட்டினார். உள்ளே எண்ணெயும் திரியும் இருந்தன. "உங்க பேனருக்குப் பின்னாடி மாடம் இருக்குது. தெனம் வெளக்கு வெக்கிறது நாங்கதான். நீங்க பேசி முடிக்கட்டும்னு நிக்கிறேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கரி படிந்த அந்த மாடத்தைக் காலையிலேயே பார்த்திருந்தேன். அசிங்கமாக இருக்கிறது, மறைத்துவிடுங்கள் என்று சொன்னதே நான்தான்.

பேச்சை நிறுத்தி, பேனரை அவிழ்த்தோம். விளக்கேற்றி முடித்ததும் அவர், "இப்பப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொட்டலம் என் கையிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் பழைய கட்டடம் எடுத்தால், முதல் நாள் மாலையே போய், அங்கே யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுகிறேன். கூட்டத்தன்று ஓரமாக யாராவது நின்றால், வெறுங்கையோடு போய், என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை