நூற்றி நாற்பதுக்கு ஓல் அவுட்

நேற்று பிறம்ரனுக்குக் காரில் போகேக்க, தமிழ் ரேடியோவில் கேட்டார்கள்: எண்பத்துமூன்று உலகக் கிண்ண கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் ஆகக் கூடிய ஓட்டம் எடுத்தது யார்? அழைத்தவர்கள் சொன்னதெல்லாம் பிழை. எனக்கா தெரியாது? மதராஸ் தொடக்க ஆட்டக்காரர், முப்பத்தெட்டு. ஒன்பது வயதிலேயே பாடமாக்கினவன் நான்.

எண்பத்தேழில் கனடா வந்தம். ஏழு பேர் என்றதும் மூன்று கட்டடங்களில் வீடு தர மறுத்துவிட்டார்கள். டோர்செட் பார்க்கில் நாலாவது இடம். வாசலில் அப்பா, "நாலு பேர் எண்டு எழுதப்போறன். நீ வாயைத் திறக்காதை" என்றார்.

கட்டடப் பொறுப்பாளர் பார்படோஸ்காரர். மெழுகு மணத்த அவருடைய அறைச் சுவர் முழுக்க மேற்கிந்தியத் தீவு வீரர்களின் படங்கள். அப்பா படிவத்தை நீட்டியபடி, "உங்கட அணியை ஒருத்தரும் வெல்லேலாது, சேர்" என்று தெரிந்த இங்கிலிசில் சொன்னார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "எண்பத்துமூண்டில இந்தியாவிட்டை நூற்றி நாற்பதுக்கு ஓல் அவுட்" என்றேன். அப்பா என் காலை மிதித்தார்.

மனிதர் என்னையே பார்த்தார். "வாற எல்லாரும் என்னைப் புகழ்ந்து புளுகிப்போட்டுத்தான் போகினம். நீ சொல்லு, வீட்டில எத்தனை பேர்?"

"ஏழு."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

பொறுப்பாளர் படிவத்தில் நாலை வெட்டிவிட்டு ஏழு என்று எழுதினார். "அப்ப ஒரு அறை காணாது. ஆறாம் மாடியில ரெண்டு அறை வீடு ஒண்டு வெறுமையாக் கிடக்கு."

லிஃப்டில்தான் அப்பாவுக்கு மூச்சு வந்தது. "வடுவா, இனி எல்லா இடமும் நீயே கதை" என்றார்.

பதினாறு வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் இந்த நாட்டில் எங்கட குடும்பத்துக்காக அன்றிலிருந்து கதைக்கிறது நான்தான்.