ஒரு விரல் சந்து

வீட்டிலேயே பன் சுட்டு விற்பதால் தெருவுக்கே அவள் பன்னக்கா. அவள் புருஷனுக்கு வாய்த்த பட்டப்பெயர், சுவர் மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டம். டைல்ஸ் ஒட்டுகிறவர். விருந்துக்குப் போன இடத்திலும் சுவர் கோணலைச் சொல்லாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனதால், சுவருக்குள் பதிக்கிற ஓவன்தான் வேண்டுமென்று அவள் ஒற்றைக்காலில் நின்று வாங்கினாள். சுற்றிலும் ஒரு விரல் சந்து விடவேண்டும், காற்று போகாவிட்டால் கருகிவிடும் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அதை அப்படியே வந்து ஒப்பித்தாள்.

ரசமட்டம் சிரித்தார். "சந்து விட்டா கரப்பான்பூச்சி குடும்பம் நடத்தும்டி. என் வேலைன்னா நூல் நுழையக் கூடாது."

நுழையவில்லை. திருகாணிகளும் தெரியாதபடி டைல்ஸால் மூடிவிட்டார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவர் கடைசியாக ஒட்டிய சுவர் அதுதான். அடுத்த வாரமே பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது.

கட்டிலை அடுக்களை வாசலுக்கு நேராகப் போட்டாள். ஒப்புக்கொண்ட வேலைகள் எல்லாம் கைவிட்டுப் போன மனுஷனுக்கு அந்தச் சுவர் ஒன்றுதான் மிச்சம். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். அவர் பார்க்கவென்றே தினமும் ஓவனின் கண்ணாடிக் கதவையும் அதன் ஓரத்து ரப்பரையும் துடைத்து, டைல்ஸுக்கும் ஒரு துடைப்பு கொடுப்பாள்.

ஒருநாள் கருகல் நாற்றத்தோடு ஓவன் அணைந்துபோனது.

மெக்கானிக் வந்து தட்டிப் பார்த்தார். "வெளியே இழுத்தாத்தான் பார்க்க முடியும்க்கா. சுவரை உடைக்கணும்."

"வேற வழியே இல்லையா தம்பி? அவரு கையால ஒட்டினது."

"திருகாணியே தெரியலையேக்கா!"

வயிற்றுப்பாடு அதில்தான் வேகிறது. தலையாட்டினாள். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். "என்ன ரிப்பேரா இருந்தாலும் பழசாயிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

முதல் அடியில் டைல்ஸ் விரிசல் விட்டது. ஓவனை இழுத்ததும் பின்னால் ஒயர்கள் கரிக்கட்டை, ஃபேன் உருகிக் கிடந்தது. மெக்கானிக்குக்கு அவள் கெஞ்சியதெல்லாம் மறந்துபோயிற்று. "எந்த மடையன்க்கா ஒட்டினான்? ஒரு விரல் சந்து விட்டிருந்தா போதுமே!" என்று வீடே அதிரக் கத்தினார். கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் கதவைத் திறந்தாள். கட்டிலில் அவர் இடது கையைத் தூக்கி ஒரு விரலை நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"என் தப்புங்க. கடையில சொன்னதை உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்."

இல்லை என்று தலையை அசைத்தார். அவளுக்குத் தாங்கவில்லை. அந்த விரலைப் பிடித்துத் தன் கைக்குள் மடக்கினாள். கையை எடுத்ததும் அது மறுபடி நிமிர்ந்தது.

சாயங்காலம் கண்ணால் காட்டிக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டாள்.

மெக்கானிக் அளந்து சந்து விட்டு ஓவனைப் பொருத்திக் கொடுத்தார். அது இப்போது நன்றாகவே சூடேறுகிறது. வீடெல்லாம் பன் வாசம் அடிக்கிறது. அவர் மட்டும் அடுக்களைப் பக்கம் திரும்புவதில்லை.